ஒன்பதேகால் அழுகை

"பாப்பா அழுதிருக்கா" என்றாள் மனைவி. போனை எடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

அவன் அப்போதுதான் அலுவலகத்துக்குள் நுழைந்து தோள்பையைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு பட்டை கழன்றுவிட்டது. இன்னொன்று முழங்கையில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"யாரு சொன்னா?"

"உங்க ஆப்தான் சொல்லுது. ஒன்பதேகாலுக்கு அழுகை முகம் போட்டிருக்கு. ஒன்பதே முக்காலுக்குத்தான் விளையாட்டு முகம். முழுசா அரைமணி நேரம்! நீங்க விட்டுட்டுக் கிளம்பும்போது அழுதாளா?"

"இல்லவே இல்ல. பையை வாங்கிட்டு உள்ள ஓடிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல."

"நெஜமாவா?"

"நெஜமா. ஒரு டாட்டாகூடக் கிடையாது."

"அப்புறம் எப்படி அழுகை முகம் வரும்?"

அவன் ஒரு நொடி யோசித்தான். "அது பக். இன்னிக்குத்தானே புதுசா மாத்தியிருக்கேன். என் கோடுலதான் ஏதோ தப்பு."

நிரல் எழுதுகிறவர்களோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வமான வாக்கியம் என்று தெரியும். ஏதாவது கெட்டுப்போனால் அவர்கள் முதலில் பயன்படுத்துகிறவரைக் குறை சொல்வார்கள். பிறகு இணையத்தை. பிறகு வேலையை விட்டுப் போய்விட்ட சக ஊழியரை. தானாக முன்வந்து "என் தப்பு" என்று சொன்ன ஆள் அந்த அலுவலகத்தில் அதுவரை கிடையாது. அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த டெஸ்டர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவனுக்குக் காரணம் இருந்தது. மனைவி குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். குழந்தை பிறந்ததும் விட்ட வேலைக்கு இரண்டரை வருஷம் கழித்து மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மாதம் வந்து பாருங்கள், சரிப்பட்டால் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மூன்று வாரம் முடிந்து இது நான்காவது வாரம். வெள்ளிக்கிழமை மதியம்தான் கெடு.

இந்த மூன்று வாரத்தில் அவள் வேறு ஆளாகியிருந்தாள். வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் திரும்பியிருந்தது. சமையலறையில் தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டாள். ஆனால் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"பாப்பா அங்க தினம் அழறான்னு தெரிஞ்சா நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க சமாதானம் எதுவும் சொல்லக் கூடாது."

சமாதானம் சொல்லத் தேவையே வரவில்லை. அவன் அலுவலகம் செய்து கொடுத்த செயலியைத்தான் அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு டேப்லெட். அதில் இருபத்திரண்டு குழந்தைகளின் பெயர்களும் வரிசையாக இருக்கும். பெயருக்கு நேராக ஐந்து முகங்கள்: விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், அழுகை, வீட்டுக்குப் போயாச்சு. காப்பகத்து ஆயா எதை அழுத்துகிறாளோ அது பெற்றவர்களின் போனில் தெரியும். மூன்று வாரமும் ஒன்பதேகாலுக்கு மனைவி போனைப் பார்ப்பாள். விளையாட்டு முகம் சிரிக்கும். அவள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தண்ணீரைப் பார்க்கப் போய்விடுவாள்.

நான்காவது வாரத் திங்கட்கிழமை பார்த்தா அவன் செயலியை மாற்றியிருக்க வேண்டும்!

அலுவலகத்தில் அவனுக்குச் சிக்கனம் என்று பெயர். பணத்தில் இல்லை, வரிகளில். மற்றவர்கள் நூறு வரி எழுதுகிற இடத்தில் ஒன்பது வரி எழுதிவிட்டு, அதில் இரண்டு அதிகம் என்று வருத்தப்படுகிற ஆள்.

அந்தச் செயலியின் வயிற்றுக்குள் இருந்த ஸ்டேட் ஏற்பாடு அவனுக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஸ்டேட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாத் திரைகளும் ஒன்றுபோலத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சங்கதி, அவ்வளவுதான். ஆயா 'தூக்கம்' என்று அழுத்தினால் அம்மாவின் போனிலும் அப்பாவின் போனிலும் அதே தூக்கம் வரவேண்டும். அம்மா போனில் தூங்குகிற குழந்தை அப்பா போனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

இதற்காகப் பழைய செயலியில், யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் மூட்டையான ஒரு பெரிய லைப்ரரியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதில் ஒரு குழந்தையைத் தூங்கவைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு விண்ணப்பம் தயாரிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பெயர் வைக்க வேண்டும். அது நாலு கோப்புகளைக் கடந்து, ஒவ்வொரு மேசையிலும் முத்திரை வாங்கி, பழைய நிலைக்கு ஒரு நகலும் புதிய நிலைக்கு ஒரு நகலும் எடுத்துக்கொண்டு வந்து சேருவதற்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். சுவர் டேப்லெட்டில் செயலி திறப்பதற்கே ஒன்றரை நிமிஷம் ஆனது.

சிக்கனம் அதையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு நாற்பதே வரியில் ஒரு பெட்டி செய்தான். பெட்டியில் வைக்கலாம். பெட்டியிலிருந்து எடுக்கலாம். மாறினால் எனக்குச் சொல் என்று கேட்டுவைக்கலாம். முடிந்தது. செயலி கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. மேனேஜரே எழுந்து வந்து கை கொடுத்தார். திங்கட்கிழமை காலை காப்பகத்தில் புதுப் பெட்டி ஓட ஆரம்பித்தது.

அன்றைக்கே ஒன்பதேகாலுக்கு அழுகை முகம்.

செவ்வாய்க்கிழமையும் அதே ஒன்பதேகால். அதே அரைமணி நேரம்.

"ரெண்டாவது நாளா அழுதிருக்கா" என்றாள் மனைவி போனில். குரல் இறங்கியிருந்தது.

"அழல. பக்னு சொன்னேன்ல? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பிடிச்சுடறேன்."

அவன் நாற்பது வரியையும் நாற்பது தடவை படித்தான். காகிதத்தில் அச்செடுத்து ஜன்னலோரம் நின்று படித்தான். பிறகு டெஸ்டரிடம் போய் நின்றான்.

"இதுல ஒரு பக் இருக்கு. கண்டுபிடிச்சுக் கொடு."

தப்புக் கண்டுபிடிப்பதுதான் டெஸ்டரின் பிழைப்பு. அதில் அவளுக்கு ஒரு ருசியும் உண்டு. அவள் சொல்லச் சொல்ல, இல்லவே இல்லை என்று சிக்கனம் சாதிப்பதுதான் மூன்று வருஷமாக அங்கே நடந்துவந்த முறை. மதியம் வரை அந்தப் பெட்டியைக் குலுக்கினாள், கவிழ்த்தாள், ஒரே நேரத்தில் ஆயிரம் குழந்தைகளை அழவைத்துப் பார்த்தாள்.

"பக் இல்ல" என்றாள் கடைசியில். சொல்லும்போது அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது.

"நல்லாப் பாரு. இருக்கு."

"பாத்துட்டேன் சிக்கனம். இவ்வளவு சுத்தமான கோடு நீங்க எழுதினதே இல்ல."

"அப்படியெல்லாம் சொல்லாத. எங்கேயோ ஒளிஞ்சிருக்கு."

"இங்க பாருங்க, நேரத்தோட பதிவாயிருக்கு. ஒன்பதேகாலுக்கு ஆயா அழுகையை அழுத்தியிருக்காங்க. ஒன்பதே முக்காலுக்கு விளையாட்டை அழுத்தியிருக்காங்க. அழுத்தினதை உங்க பெட்டி அப்படியே காட்டுது."

"கை தவறிப் பட்டிருக்கும்."

"ரெண்டு நாளும் அதே நேரத்துக்கா கை தவறும்?"

"ஏன், பழக்கமாயிருக்கும்."

டெஸ்டர் நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள். "அந்த ஆயாவை ஒரு வார்த்தை கேட்டா விஷயம் முடிஞ்சது. தினம் காலையில அங்கதானே போறீங்க?"

அவன் பேனாவை மூடித் திறந்தான். கேட்டால் ஆயா ஏதாவது சொல்லிவிடுவாள். 'ஆமாங்க, நீங்க போனதும் அழறா' என்று சொல்லிவிட்டால், அப்புறம் அதைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. நிரலில் தப்பு என்றால் திருத்திவிடலாம்.

அதற்குள் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "யாரும் யாரையும் கேக்க வேணாம்ப்பா. நம்ம பொருள்ல பக் இருக்குன்னு நாமளே கஸ்டமருக்குப் போன் போட்டுச் சொல்றதா? நல்லாயிருக்கே!"

சிக்கனத்துக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து திருத்தம் எழுதினான். அழுகை என்று ஒரு செய்தி பெட்டியில் விழுந்தால் அதை உடனே யாருக்கும் சொல்லாமல் நாற்பது நிமிஷம் பொத்தி வைக்க வேண்டும். அதற்குள் வேறு முகம் வந்துவிட்டால் அழுகையை மறந்துவிட வேண்டும். கை தவறிப் பட்டதெல்லாம் தானாக வடிகட்டப்பட்டுவிடும். ஆறு வரியில் முடிந்தது.

புதன்கிழமை காலை மனைவியின் போனில் அழுகையே வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு விளையாட்டு முகம் வந்தது.

"சரியாயிடுச்சு போல" என்றாள். அவள் மூச்சு விட்ட சத்தம் போனிலேயே கேட்டது.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வக்கீல் தன் மகனைச் சீக்கிரம் கூட்டிப்போகக் காப்பகத்துக்கு வந்தார். மகன் அவர் காலைக் கட்டிக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டிருந்தான். வக்கீல் கையிலிருந்த போனில் அதே மகன் விளையாடிக்கொண்டிருந்தான். அவர் மகனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தொழில் புத்தி, இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்த அமளியில் ஆயா 'வீட்டுக்குப் போயாச்சு' அழுத்த மறந்தாள். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாடு கொடுத்து, தட்டித் தூங்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது போன் மணியடித்து அறிவித்தது: 'உங்கள் குழந்தை அழுகிறது.'

சாயங்காலம் காப்பகத்து மேடம் மேனேஜருக்குப் போன் செய்தார். மேடம் பேசியதில் மேனேஜரின் பங்கு "சரிங்க மேடம்" என்பது மட்டும்தான். போனை வைத்துவிட்டு வந்தார்.

"நாற்பது நிமிஷம் பொத்தி வைக்கிற வேலையெல்லாம் உடனே எடுத்துடு. நாளைக்கு ஒன்பது அஞ்சுக்கு எல்லாரும் இங்க இருக்கணும். மீட்டிங்."

சிக்கனம் பொத்தி வைத்த ஆறு வரியை எடுத்தான். எடுத்துவிட்டு யோசித்தான். யோசிக்காமல் விட்டிருந்தால் கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவனுக்கு ஒரு எண்ணம் தோன்றியது: காலையில் செயலி திறக்கும்போது பெட்டி காலியாக இருக்கிறது. காலிப் பெட்டியில் முதலில் விழுவதுதான் ஏடாகூடமாக விழுகிறது. பெட்டியைக் காலியாக விடாமல், முந்தைய நாள் கடைசியில் இருந்த நிலையைச் சேமித்து வைத்து, மறுநாள் காலை அதிலிருந்தே தொடங்கினால் என்ன?

இன்னும் நாலு வரி. வியாழன் காலை, காப்பகம் திறக்கும் முன் வீட்டிலிருந்தே ஏற்றிவிட்டான்.

வியாழக்கிழமை அவனுக்கு அவசரம். குழந்தையை வாசலில் இறக்கினான். அவள் வழக்கம்போலப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் வண்டியை அணைக்கவே இல்லை, நேராக மீட்டிங்குக்குப் பறந்தான். அங்கே மேனேஜர் பேசியதை ஒரு காதால் கேட்டுக்கொண்டு, மேசைக்குக் கீழே போனைப் பார்த்தபடி இருந்தான்.

ஒன்பதேகால் வந்தது. போனது. ஒன்பதரை. ஒன்பதே முக்கால். அழுகை முகம் இல்லை. ஒளித்து வைக்கவில்லை, பொத்தி வைக்கவில்லை, நிஜமாகவே இல்லை. பத்து மணிக்கு விளையாட்டு முகம் மட்டும் வந்தது.

"பிடிச்சுட்டேன்!" என்று மீட்டிங் நடுவிலேயே எழுந்துவிட்டான்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "எதை?"

"பக்கை."

டெஸ்டர் அவனுடைய நாலு வரியை எட்டிப் பார்த்தாள். "இது முந்தின நாளைச் சேமிக்கிறதுக்குத்தானே? சேமிக்கவே இன்னிக்குச் சாயங்காலம்தான் ஆரம்பிக்கும். நாளைக்குக் காலையிலதான் இதுக்கு முதல் வேலை. இன்னிக்கு இது ஒண்ணுமே செஞ்சிருக்காது."

"ஒண்ணும் செய்யாமலே இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, செஞ்சா எப்படியிருக்கும்னு யோசிச்சுப் பாரு!"

டெஸ்டர் நிமிர்ந்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடவா?"

"தாராளமாப் போடு."

"அவ நெஜமாவே அழலதானே?"

"உன் கண்ணாலயே பாத்தியே. ஒரு சொட்டு இல்ல."

மனைவி குழந்தையின் தட்டில் இருந்த கடைசி வாயை ஊட்டிவிட்டு, அவள் கன்னத்தைத் துடைத்தாள். குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கி, இருவரையும் கண்டுகொள்ளாமல் பொம்மை யானையை இழுத்துக்கொண்டு போனது. சிக்கனம் அது போகிற திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டி, சொன்னதைத் தவறாமல் செய்தது. முந்தைய நாள் கடைசியாக என்ன நிலையோ அதிலிருந்து தொடங்கியது. முந்தைய நாள் கடைசியில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நிலைதான்.

பிள்ளையை விட்டுவிட்டு அப்போதுதான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த பெற்றோர்களின் போன்கள் மணியடித்தன: 'உங்கள் குழந்தை வீட்டுக்குப் போயாச்சு.'

யாரோடு?

பழைய செயலியாக இருந்தால் இந்தச் செய்தி எல்லாருக்கும் போய்ச் சேர மதியம் ஆகியிருக்கும். பாதிப் பேருக்குப் போயே இருக்காது. சிக்கனத்தின் பெட்டி அப்படிப்பட்டதல்ல. கண் சிமிட்டும் நேரத்தில் அத்தனை பேர் வயிற்றிலும் ஒரே அளவில் புளியைக் கரைத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் காப்பகத்துக்குப் போன் செய்ததால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. லைன் கிடைக்காததால் எல்லாரும் கிளம்பினார்கள்.

மேனேஜரிடமிருந்து சிக்கனத்துக்குப் போன் வந்தபோது மணி ஒன்பதரை. "எங்கிருந்தாலும் உடனே டே கேருக்கு ஓடு" என்றார். ஒன்பது முப்பத்தொன்றுக்கு அவன் காப்பகத்துக்குள் நின்றுகொண்டிருந்தான்.

உள்ளே எந்தக் கலவரமும் இல்லை. இருபத்திரண்டு குழந்தைகளும் இருந்தன. கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தன, இடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் மூலையில் தன் ஷூவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அவன் மகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வேறு யாரையும் ஏறவிடாமல் காவல் காத்தாள்.

கலவரம் பத்து நிமிஷம் கழித்து வந்தது. முதலில் ஒரு வங்கி ஊழியை, கழுத்தில் அடையாள அட்டை பின்பக்கமாகப் பறக்க. அடுத்து ஒரு பஸ் டிரைவர். பஸ்ஸை எங்கே விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் வக்கீல், இந்தத் தடவை கறுப்புக் கோட்டோடு. வந்தவர்கள் அவரவர் குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்து, இது தங்களுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டார்கள். அதுவரை சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள், அம்மா அப்பாவைப் பார்த்ததும் வரிசையாக அழ ஆரம்பித்தன.

மேடம் பெற்றோர்களைச் சமாளித்துக்கொண்டே சிக்கனத்தைப் பார்த்த பார்வையில், இந்தச் செயலி அடுத்த வாரம் இந்தச் சுவரில் இருக்காது என்று எழுதியிருந்தது. சுவர் ஓரமாகக் குட்டி நாற்காலி ஒன்று கிடந்தது. அவன் முழங்கால் தாடையைத் தொட அதில் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து டெஸ்டருக்குப் போன் செய்தான்.

"பழையதையே திரும்பப் போட்டுடலாம். மூணு வாரம் அது ஒழுங்காதானே இருந்துச்சு?"

மறுமுனையில் டெஸ்டர் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சிக்கனம், நேத்து ராத்திரி தூக்கம் வராம பழைய கோடைப் படிச்சேன். அதுல ஒரு விஷயம் இருக்கு. ஆயா எதையும் அழுத்தலைன்னா அது என்ன காட்டும் தெரியுமா?"

"என்ன?"

"விளையாட்டு. ஆரம்ப மதிப்பே அதுதான். டேப்லெட் திறக்க ஒன்றரை நிமிஷமாகுதுன்னு காலைக் கூட்டத்துல அவங்க அதைத் தொடவே மாட்டாங்க. பதிவைப் பாத்தேன், மூணு வாரமும் பத்து மணிக்கு மேலதான் முதல் அழுத்தல். அதுவரைக்கும் யாரு அழுதாலும், யாரு சிரிச்சாலும், எல்லாப் பிள்ளையும் விளையாடினபடியேதான் இருக்கும்."

அவன் குட்டி நாற்காலியில் நிமிர்ந்தான். "எந்த முட்டாள் அப்படி எழுதினான்?"

"உங்க பேர்தான் இருக்கு. இரண்டரை வருஷத்துக்கு முன்னாடி."

அவன் அந்த வரியைத் திறந்து பார்த்தான். தேதியும் இருந்தது. மகள் பிறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு எழுதியது. எழுதிய ஞாபகம்கூட இல்லை. ஏதாவது ஒன்று போட வேண்டுமே என்று போட்டிருப்பான். ஐந்து முகங்களில் பார்க்க நன்றாக இருந்தது அதுதான். அப்போது அவனுக்குக் காப்பகம் தெரியாது, வாசலில் குழந்தையை இறக்கிவிடுவது என்றால் என்னவென்று தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மூன்று வாரமாக மனைவி போனைப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவனும் அதைத்தான் நம்பினான். யாரும் எதையும் பார்த்துச் சொல்லாத ஒரு சொல்.

அப்படியானால் அவனுடைய நாற்பது வரியில் தப்பே இல்லை. வந்த முதல் நாளிலிருந்து அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவன்தான் ஐந்து நாளாக அதன் வாயைப் பொத்தப் பார்த்தான்.

மகள் அழுதிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடியவள், உள்ளே போய் அரைமணி நேரம் அழுதிருக்கிறாள். நினைக்கும்போதே வலித்தது. ஆனால் அதன் அடியில் எங்கோ ஒரு மூலையில், அவளும் என்னைத் தேடியிருக்கிறாள் என்று ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. அதற்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"என்னங்க!"

மனைவி. பரிசோதனைக்கூடத்து வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். மேல்பையில் பேனா, கையில் நாலாக மடித்த கடிதம். "எங்க பாப்பா?"

அவன் அட்டைப்பெட்டியைக் காட்டினான். மனைவி குனிந்து மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மகள் அந்தக் கையை ஒதுக்கிவிட்டு, "இது என் வீடு" என்றாள்.

மனைவிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த மூச்சு முடிவதற்குள் அவன் சொல்லிவிட்டான். இனி ஒரு நிமிஷம் தள்ளிப்போட்டாலும் சொல்ல வராது என்று அவனுக்குத் தெரியும்.

"பக் எதுவும் இல்ல. என் கோடு சரியாதான் இருந்துச்சு."

"புரியல."

"அழுகை முகம் வந்ததெல்லாம் உண்மை. அதுக்கு முன்னாடி மூணு வாரம் விளையாட்டு முகம் வந்துச்சே, அதுதான் பொய். அதையும் நான்தான் எழுதியிருக்கேன், என்னிக்கோ. நான் உன்னை ஏமாத்தணும்னு செய்யல. நீ அந்த வேலைக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு. அதனால எது வசதியோ அதையே நம்பிட்டேன்."

மனைவி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையிலிருந்த கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"அப்போ தினமும் அழுதிருக்கா."

"தினமும்னு தெரியாது. ஆனா நேத்து ஒரு நாள்தான் அழல."

"சரி" என்றாள். "நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். இன்னும் ஒரு வருஷம் போகட்டும். அவ கொஞ்சம் பெரியவளாகட்டும்." கண்களை மட்டும் தூக்கவில்லை. "நல்ல இடம். மைக்ராஸ்கோப்கூடப் புதுசு."

அவளைத் தடுக்க வேண்டும்போல இருந்தது. ஐந்து நாளாகச் சொன்ன வார்த்தைகள் எல்லாம் செலவாகிவிட்டன.

பக்கத்தில் ஒரு குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். பருமனான உடம்பு, ஒரு தோளில் எப்போதும் துண்டு. இவ்வளவு நேரமும் அத்தனை அழுகைக்கும் நடுவில் ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்தவள்.

"எதுக்கும்மா வேலையை விடுறீங்க?"

"பாப்பா தினம் அழறாளே ஆயா. நீங்கதானே அழுத்தியிருக்கீங்க?"

"நான்தான் அழுத்தினேன். புதுசு சட்டுனு திறக்குது, இனிமே யாரு அழுதாலும் விடாமக் குறிச்சு வைக்கணும்னு மேடம் சொல்லியிருந்தாங்க."

"அதைத்தான் சொல்றேன். ஒன்பதேகால்லேருந்து அரைமணி நேரம்..."

ஆயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிக்கனத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, பாப்பா எங்கம்மா அழுதா? தினம் அவளை விட்டுட்டு, அந்தப் பக்கத்துச் சுவரோரமா வண்டியை நிறுத்திட்டு அரைமணி நேரம் சார்தான் அழறாரு. பெத்தவங்களுக்குன்னு இதுல தனி வரிசை இல்லையே, அதான் பாப்பா பேருக்கு நேரா அழுத்தி வச்சேன்."